அழாத குழந்தை

பச்சைப்பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பாராட்டு ஒன்று உண்டு. "சமத்து. அழவே அழாது. போட்ட எடத்துல கெடக்கும்." சொல்பவர் பெரும்பாலும் பாட்டியாக இருப்பார். குரலில் பெருமையோடு கொஞ்சம் நிம்மதியும் கலந்திருக்கும். வீட்டில் நாலு பேர் தூங்கி எழுந்து வேலைக்குப் போகவேண்டுமே. சில காலமாக இதைக் கேட்கும்போதெல்லாம் மனசில் ஏதோ நெருடுகிறது. தூரத்து உறவில் ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குப் பிறகு பார்க்கப் போனதிலிருந்துதான் இப்படி என்று நினைக்கிறேன். சன்னல் சாத்திய அறை. சாம்பிராணியும் பூண்டும் ஈரத்துணியும் கலந்த வாடை. காதில் பஞ்சு அடைத்து, தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். எத்தனை கிலோ, ஆபரேஷனா, பால் பத்துதா, யார் ஜாடை என்று வந்தவர்கள் கேட்க, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சொன்னதில் பிழையே இல்லை. சொன்னவள்தான் அங்கே இல்லை. குழந்தையின் கண் திறந்திருந்தது. ஓடாத மின்விசிறியை அது பார்த்துக்கொண்டிருந்தது, அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை சுத்தமாக இருந்தது, எடை ஏறியிருந்தது, தடுப்பூசி எதுவும் தவறவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. "தாயும் புள்ளையும் ஒரே மாதிரி, சத்தமே காட்ட மாட்டாங்க" என்றார் அவளுடைய மாமியார், அன்போடுதான். அந்தப் பேச்சு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

என் சந்தேகத்தின் மீதே எனக்குச் சந்தேகம் வருவதும் உண்டு. இயல்பிலேயே அமைதியான குழந்தைகள் இருக்கின்றன. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்று ராத்திரி முழுக்க ஊரை எழுப்பும், இன்னொன்று பசித்தால்கூட முனகிவிட்டுப் பொறுத்திருக்கும். அமைதியைக் கண்ட இடத்திலெல்லாம் நோயைத் தேடினால் எந்த வீட்டிலும் நிம்மதி மிஞ்சாது. ஆனால் இயல்பான அமைதியில் ஒரு தேடல் இருக்கும். கூப்பிட்டால் அந்தப் பிள்ளை திரும்பும், முகத்தைத் தேடும். பேச்சுக் கொடுத்தால் உதட்டைக் குவிக்கும், காலை உதைக்கும், தன் பங்குக்கு ஒரு 'ங்கா' சொல்லிவிட்டு நாம் பேசக் காத்திருக்கும். இரண்டு மூன்று மாதத்துப் பிள்ளை இப்படி முறைவைத்துப் பேசுவதைப் பார்த்தவர்கள் யாரும், இதற்கு மனம் என்று ஒன்று இனிமேல்தான் வரப்போகிறது என்று சொல்லமாட்டார்கள். மற்ற அமைதியில் இந்தத் தேடல் இல்லை. முகம் கிட்டே வந்தால் கண் விலகுகிறது. அழுகை கிளம்பிய வேகத்தில் அடங்கிவிடுகிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்கிறோம். அப்படி அழுகிற பிள்ளை யாரோ வருவார்கள் என்பதை எப்படியோ அறிந்துவைத்திருக்கிறது. வந்துவந்து அதை அறியவைத்திருக்கிறார்கள். யாரும் வராமலே போய், அதுவே பழக்கமாகிவிட்டால் அழுவதில் என்ன பயன்? பிறந்து சில மாதமே ஆன உயிரைப் பற்றி நம்பிக்கை, நம்பிக்கையிழப்பு என்றெல்லாம் பேசுவது மிகையோ, பெரியவர்களின் துக்கத்தை அதன் தலையில் ஏற்றுகிறோமோ என்று தயங்கியிருக்கிறேன். ஆனால் குழந்தைகளின் அருகில் உட்கார்ந்து பார்த்து எழுதிவைத்தவர்களைப் படிக்கப் படிக்க அந்தத் தயக்கம் குறைந்துவிட்டது.

ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1945இல் இரண்டு இடங்களில் வளர்ந்த குழந்தைகளை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று பெண்கள் சிறையோடு சேர்ந்த காப்பகம். அங்கே கைதிகளான தாய்மாரே தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். மற்றது ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம். அங்கே சோற்றுக்கும் சுத்தத்துக்கும் மருத்துவத்துக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு தாதியின் பொறுப்பில் பல குழந்தைகள். தொட்டில்களின் ஓரத்தில் துணி தொங்கவிட்டிருந்ததால் படுத்திருக்கும் பிள்ளைக்குக் கூரை மட்டும்தான் தெரியும். சிறைக்குள் இருந்த குழந்தைகள் நடந்து, பேசி, வளர்ந்தன. இல்லத்துக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் இறந்துபோயின. ஸ்பிட்ஸின் ஆய்வுமுறையில் ஓட்டைகள் இருக்கின்றன என்று பிற்பாடு விமர்சனம் எழுந்தது, அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்தப் பிள்ளைகள் கிடந்தது கிடந்ததுதான். அடுத்து ஜேம்ஸ் ராபர்ட்சன். லண்டனில் எட்டு நாள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கையடக்கக் காமிராவால் படம் எடுத்து 1952இல் மருத்துவர்களுக்குப் போட்டுக்காட்டினார். அந்தக் காலத்தில் பெற்றோர் குழந்தைகளைப் பார்ப்பதற்கு மருத்துவமனைகளில் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. வந்து போனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் இரண்டு நாளில் 'பழகிவிடுகிறது' என்பதுதான் காரணம். பழகுவது என்று அவர்கள் சொன்னதைத்தான் ராபர்ட்சன் காட்டினார்: முதலில் அழுகை, பிறகு சோர்வு, கடைசியில் அம்மா வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஓர் அடக்கம். படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். நல்ல வார்டு என்றால் சத்தமில்லாத வார்டு என்று நம்பியவர்கள் அவர்கள். பெற்றோர் தடையின்றி வந்துபோக அனுமதிக்கவேண்டும் என்று பிரிட்டனில் அரசு நியமித்த குழு சொல்வதற்கு 1959 ஆயிற்று. சமத்து என்ற பாராட்டு அந்த வார்டுகளில் எத்தனை குழந்தைகளுக்குக் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆனால் இவையெல்லாம் தாய் அருகில் இல்லாத குழந்தைகளின் கதைகள். நான் பார்த்த வீட்டில் தாய் ஒரு கை தூரத்தில் இருந்தாள். அருகில் இருந்தும் எட்டாமல் போவது எப்படி என்று கேட்டவர்களில் நான் அதிகம் நம்புவது செல்மா ஃப்ரைபெர்கை. சமூகப் பணியாளராகப் பயிற்சி பெற்ற அவர் 1970களில் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கைக்குழந்தைகளின் மனநலத்துக்காகவே ஒரு குழுவை அமைத்தார். கைக்குழந்தையை ஆலோசனை அறையில் உட்காரவைத்துப் பேச முடியாது. ஆகவே அவருடைய குழுவினர் வீடுகளுக்கே போனார்கள், சமையலறையில் உட்கார்ந்தார்கள். 1975இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் ஐந்தரை மாதப் பெண்குழந்தை ஒன்று வருகிறது. அது தாயைப் பார்ப்பதில்லை, சிரிப்பதும் அரிது. அவள் கையில் இருந்துகொண்டே வீறிட்டு அழும்போதுகூட அவள் பக்கம் திரும்புவதில்லை. அவளும் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை பெரிய அழுகை இவள் காதில் ஏன் விழவில்லை என்பதே அவர்களுடைய கேள்வியாக இருந்தது. அவளும் கைவிடப்பட்ட குழந்தைதான், அவள் அழுதபோது கேட்க ஒருவரும் இருக்கவில்லை என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. பிள்ளையைத் தூக்கு, கொஞ்சு, கண்ணைப் பார்த்துப் பேசு என்று அவர்கள் பாடம் நடத்தவில்லை. வீட்டுக்கு வந்த பெண் அவளைப் பேசவிட்டாள், அவள் அழுதால் அழவிட்டாள். தன்னுடைய பழைய வலியை வலி என்றே ஒருவரிடம் சொல்ல முடிந்த பிறகு, அந்தத் தாய் பிள்ளையை யாரும் சொல்லாமலே நெஞ்சோடு அணைக்கத் தொடங்கினாள். முந்தைய தலைமுறையின் துயரங்களைக் குழந்தையின் அறையில் உலவும் பேய்கள் என்றார் ஃப்ரைபெர்க். அவற்றை விரட்ட அவர் செய்த காரியம் மிகச் சாதாரணமானது: தாய் பேச, இன்னொருவர் கேட்டார். பிள்ளைக்குச் செய்யவேண்டிய வைத்தியம் அம்மாவின் பேச்சைக் கேட்பதில் தொடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

இப்படிச் சொன்னதும் ஒரு பயம் வருகிறது. இதுவும் கடைசியில் தாயின் தலையில் ஏற்றப்படும் இன்னொரு பழியாக மாறிவிடுமோ? அப்படி நடந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர் 1951இல் எழுதிய அறிக்கை வீடிழந்த, தாயிழந்த குழந்தைகளுக்காகப் பரிந்து பேசியது. அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் உண்டு. ஆட்டிசத்துக்குக் காரணம் தாயின் குளிர்ந்த மனம் என்று 1950களிலும் 60களிலும் பெரிய மருத்துவர்களே பேசினார்கள். அது பொய் என்று நிலைபெறுவதற்குள் எத்தனையோ பெண்கள் தம் பிள்ளையைத் தாமே கெடுத்துவிட்டதாக நம்பி வாழ்ந்து முடித்துவிட்டார்கள். நம்மிடையே இதற்கு அறிவியல்கூடத் தேவையில்லை. பிள்ளைக்குச் சளி பிடித்தால் அவள் தலைக்குக் குளித்தது காரணம், வயிறு வலித்தால் அவள் தின்றது காரணம். பார்வையும் சிரிப்பும்கூட அளக்கப்படும் என்று ஆனால் அந்தப் பெண் எங்கே போவாள்? கைக்குழந்தை என்று தனியாக ஒன்று கிடையாது, அதைப் பார்த்துக்கொள்பவரோடு சேர்த்தே அதைப் பார்க்க முடியும் என்பது டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் சொன்னது. பலரும் அந்தப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்த முடியாது என்பது என் எண்ணம். அந்தப் பார்த்துக்கொள்பவளும் தனியாக இல்லை. அவளுடைய தூக்கம், புருஷனின் சம்பளம், மாமியாரின் முகம், தையல் போட்ட இடத்தின் வலி, எத்தனை மாதம் விடுப்பு என்பது எல்லாம் அந்தத் தொட்டிலைச் சுற்றித்தான் இருக்கின்றன. 26 வாரச் சம்பள விடுப்பு 2017இல் சட்டமானது. செங்கல் சூளையிலும் வீட்டுவேலையிலும் இருப்பவளுக்கு நடைமுறையில் அதில் ஒரு நாளும் கிடையாது.

பழியின் பயத்தைக் கொஞ்சம் தணிக்கக்கூடிய ஒன்றை எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் அவருடைய பெயர் அடிபடுவது பயமுறுத்துவதற்காகவே. அவருடைய சோதனையில் தாயும் சில மாதக் குழந்தையும் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடுகிறார்கள். பிறகு தாய் இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் பிள்ளையைப் பார்த்தபடி இருக்கவேண்டும். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கிறது. தனக்குத் தெரிந்த வித்தைகளை எல்லாம் காட்டுகிறது. கையை நீட்டுகிறது, கத்துகிறது, முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் மறுபடியும் பார்க்கிறது, முதுகு வளைந்து சரிகிறது. 1978இல் வெளிவந்த இந்தச் சோதனையின் படங்களைக் காட்டி, பால் கொடுக்கும்போது செல்போன் பார்க்கும் அம்மாக்களைக் கண்டிப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுக்குமாடி வீட்டின் பதினோராவது தளத்தில் ராத்திரி மூன்று மணிக்குத் தனியாகப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவளுக்கு அந்தப் போனில் மட்டும்தான் இன்னொரு மனிதக் குரல் இருக்கக்கூடும். அந்தப் படத்தில் பலரும் பார்க்காமல் விடுவது கடைசிப் பகுதியை. தாயின் முகம் மறுபடி உயிர்பெறுகிறது, பிள்ளை சற்று அழுது, சற்றுச் சந்தேகப்பட்டு, திரும்பி வருகிறது. நன்றாக இருக்கும் தாயும் பிள்ளையுமே மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒத்துப்போகிறார்கள், மிச்ச நேரம் பிசகுவதும் சரிசெய்வதுமாகவே கழிகிறது என்று ட்ரானிக்கின் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. பிசகு சரியாகும் என்பதைத்தான் குழந்தை அந்த மாதங்களில் கற்றுக்கொள்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. எந்தத் தாயும் முழுநேரமும் சரியாக இருக்கவேண்டியதில்லை. திரும்பி வரும் அளவுக்கு அவளிடம் தெம்பு மிச்சமிருந்தால் போதும்.

அந்தத் தெம்பு எங்கே போகிறது என்பதற்கு நம் ஊரிலேயே பதில் கிடைத்திருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவத்துக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள்ளும் சந்தித்துப் பேசி 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நூறில் பதினோரு பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு புதிதாக வந்திருந்தது. குறைந்த வருமானம், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைக்கு உதவி இல்லாமை, மாமியாரோடும் சொந்தப் பெற்றோரோடும் பிணக்கு, ஆண்பிள்ளை வேண்டுமென்றிருந்த வீட்டில் பெண் பிறந்தது என்று காரணங்களை அடுக்கியிருந்தார்கள். சொந்தப் பெற்றோர் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். கூட்டுக்குடும்பமும் தாய்வீட்டுப் பிரசவமும் இருக்கும்வரை இந்த மேல்நாட்டு வியாதி நமக்கு வராது என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த வரியைப் படிக்கவேண்டும். வீடு நிறைய ஆள் இருப்பதும், தன்னைப் பார்க்க ஆள் இருப்பதும் வேறுவேறு. மகள் தாய்வீட்டுக்கு வருகிறாள். பத்தியச் சோறு, வேளைக்கு வெந்நீர், பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு பாட்டி, எல்லாம் கிடைக்கின்றன. அங்கே அழுதால் மட்டும், "புள்ள பெத்தவ அழுவக் கூடாது, பால் வத்திரும்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். பெண் பிறந்தது என்ற காரணம் இன்னும் கனமானது. பிறந்த குழந்தைக்குக் கண் தெளிவாகத் தெரிவது ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றேகால் சாண் தூரம்தான். முலைக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. 'பொண்ணு' என்று செவிலி சொன்னபோது பிரசவ வார்டின் வாசலில் மாறிய முகங்கள் அதற்குத் தெரியாது. ஆனால் தாய்க்குத் தெரியும். பிள்ளை பார்ப்பது அவள் முகத்தை. 1992இல் சேலத்தில், பெற்றோர் வேண்டாமென்று விடும் பெண்குழந்தைகளை வாங்கிக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கவேண்டி வந்த நிலம் இது. தொட்டிலில் விடப்படாமல் வீட்டிலேயே வளர்ந்த பெண்பிள்ளைகளின் முதல் மாதங்களைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

தாலாட்டுகளும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன. நாட்டார் தாலாட்டுகளைக் குழந்தைக்கான பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் பாடுகிறவளின் கதை. பிறந்த வீட்டுப் பெருமை, வராத அண்ணன், வாழ்க்கைப்பட்ட இடத்தின் கொடுமை, கூலி, பசி. தூளியை ஆட்டிக்கொண்டு அவள் இவற்றைச் சொல்லலாம், பாட்டு என்பதால் யாரும் தடுக்கமாட்டார்கள். அது அழகான ஏற்பாடு என்று முன்பு நினைத்தேன். இப்போது அதில் ஒரு துக்கமும் தெரிகிறது, அவளுக்கு வாய்த்த ஒரே கேட்பவர் இரண்டு மாதத்துப் பிள்ளை என்பதால். ஆனாலும் பாட முடிந்தவள் ஏதோ ஒரு வழியில் பிழைத்தாள். நான் பார்த்த அந்தப் பெண் பாடவில்லை. இதோடு சேர்த்து யோசிக்கவேண்டிய ஒன்றை மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். அவர் 1954-55இல் உகாண்டாவில் கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் 26 தாய்மாரின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தவர். எந்தத் தாய் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் விரிவாக, நுணுக்கமாக, தானாகவே சொல்லிக்கொண்டு போகிறாளோ, அவளுடைய பிள்ளை அவளிடம் பத்திரமாக உணர்வதைக் கண்டார். நல்ல தாய்க்குச் சொல்லத் தெரிகிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு வேறொன்றும் படுகிறது. வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, உன் பிள்ளையைப் பற்றிச் சொல் என்று கேட்க ஒருவர் வரும்போது ஒரு தாய் தன் பிள்ளையை இன்னும் கூர்ந்து பார்க்கத் தொடங்குவாள். இதற்கு ஆதாரம் என்னிடம் இல்லை, மனிதர்களைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் மனநோயுற்ற தாயையும் கைக்குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவு நடக்கிறது. மனநல மருத்துவமனையில் சேரும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயின் மார்போடு தோல் படச் சேர்த்துவைத்தால் இறப்பு கால்பங்கு குறைகிறது என்று இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தாய்க்குத் திறந்துவிட அதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். ஆனால் இவை விளிம்புக்கு வந்துவிட்டவர்களுக்கானவை. சத்தம் காட்டாமல் வீட்டிலிருக்கும் தாயும் பிள்ளையும் இவற்றின் கண்ணில் படமாட்டார்கள். அவர்கள் தவறாமல் வந்து நிற்பது ஒரே இடத்தில். நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை மையத்துக்கோ வருவார்கள். குழந்தைகள் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த வாரத்தில்தான். பிரசவித்த முதல் பத்து நாளில் காரணமில்லாமல் வரும் அழுகை பெரும்பாலும் தானே போய்விடும். அதற்குப் பிறகும் தங்கியிருக்கும் சோர்வு அந்நேரத்தில் தெளிவாகத் தெரியும். அதைக் கேட்டறிய எடின்பர்க்கில் 1987இல் உருவான பத்துக் கேள்விகள் இருக்கின்றன. அவற்றின் தமிழ் வடிவம் சரிபார்க்கப்பட்டு 2005இலேயே வெளிவந்துவிட்டது. பிள்ளையைத் தராசில் வைக்கும் நேரத்தில் கேட்டு முடித்துவிடலாம். கிராம சுகாதார செவிலியர்களிடம் ஏற்கெனவே எத்தனை பதிவேடுகள் இருக்கின்றன என்பது தெரிந்தேதான் இதைக் கேட்கிறேன். அரசு அவர்களுக்கு இதற்கென்று நேரம் ஒதுக்கவேண்டும், பதில் வந்தால் அனுப்ப ஓர் இடத்தையும் காட்டவேண்டும். அதுவரை 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையாவது தாய் சேய் நல அட்டையின் மேல் எழுதிக்கொடுங்கள். கேட்கும்போது கூட வந்தவர்களைச் சற்று வெளியே உட்காரச் சொல்லுங்கள். அவள் ஒன்றுமில்லை என்று சொன்னால், உடனே அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.